ஒரே மணி

சர்ச்சுக்கும் அதை ஒட்டிய பள்ளிக்கூடத்துக்கும் ஒரே மணிதான். நோய் பரவியதிலிருந்து ஒன்றரை வருஷமாக அது வாய் திறக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலையில் கயிறு சொன்னது: "தயாராகு. ஜெபத்துக்கு அனுமதி வந்தாச்சு."

"பள்ளிக்கூடத்துக்கு?"

"அதுக்கு இன்னும் உத்தரவு வரலை."

மணி அடித்தது. ஜெபத்துக்கு வந்தவர்கள் முகக்கவசத்தோடு உள்ளே போனார்கள். கடைசியாக நசீமா மூச்சிரைக்க ஓடி வந்தாள். கிழமையெல்லாம் அவளுக்கு மறந்து போயிருந்தது. ரெண்டாம் வகுப்பில் தைத்த யூனிஃபார்ம் முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடந்தது. முதுகில் புத்தகப்பை.

"இது ஸ்கூல் மணி இல்லம்மா, ஜெப மணி. வீட்டுக்குப் போ," என்றார் வாட்ச்மேன்.

பூட்டிய வகுப்பறையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

"வேற ஸ்கூலெல்லாம் இருக்க, அவ அத்தா ஏன் இங்க சேர்த்தார் தெரியுமா?" என்றது மணி. "'இந்த மணி நம்ம வீடு வரைக்கும் கேக்குது, பிள்ளை நேரத்துக்குக் கிளம்பிடும்'னு சொன்னார்."

நசீமா தெருமுனையில் மறைந்ததும் மணி கயிற்றிடம் சொன்னது:

"அடுத்த ஞாயிறு யார் இழுத்தாலும் நீ கொஞ்சம் தளர்ந்து குடு. அந்த வீடு வரைக்கும் கேக்க வேண்டாம்."