உயரமான டம்ளர்

பி.எட். படிக்கும் ஹேமலதாவுக்கு வீட்டிலேயே செய்முறைத் தேர்வு. ஒரே அளவுத் தண்ணீரைக் குட்டை டம்ளரிலும் உயரமான டம்ளரிலும் ஊற்றிவிட்டு, எதில் அதிகம் என்று ஐந்து வயது மகள் இதழினியைக் கேட்டாள். தேர்வு நடத்தும் எந்திரம் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“ரெண்டுலயும் ஒரே அளவுதாம்மா.”

“பாடத்தின்படி, ஏழு வயதுக்கு முன் குழந்தைக்கு இது புரியாது. செய்முறை செல்லாது. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டும் உண்டு,” என்றது எந்திரம்.

அதுவும் போனால் ஒரு வருடம் வீண். ஹேமலதா மகளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காதில் சொன்னாள்: “உயரமான டம்ளர்ல நிறைய இருக்குன்னு சொல்லுடி. ஏழு வயசானாதான் இதெல்லாம் புரியுமாம்.”

இதழினி வந்து அப்படியே சொன்னாள். முழு மதிப்பெண் விழுந்தது.

“அம்மா,” என்றாள் மெதுவாக, “அந்த மிஷினுக்கு இன்னும் ஏழு வயசு ஆகலையா?”