பிளக் பாயின்ட்

முந்திரிக்கொத்துப் பொட்டலத்தோடு வாசலில் நின்ற குடியிருப்பு சொசைட்டி செயலாளர் ஞானசீலனைப் பார்த்ததும் ஜெபசெல்வி கதவைப் பாதி திறந்தபடியே நின்றாள். திலக் நகருக்குக் குடிவந்ததிலிருந்து அவர் அவள் வீட்டுப் படியேறியது ஒரே ஒரு முறை. அதுவும் சண்டைக்கு.

"வரலாமா தங்கச்சி?"

"வாங்க அண்ணாச்சி." இந்தத் தங்கச்சி எப்போது முளைத்தாள் என்று யோசித்தபடியே நாற்காலியை நகர்த்தினாள். அவர் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மாவு வியாபாரம்லாம் எப்படிப் போகுது?"

"போகுது." பைகளைச் சுமந்து சிவந்திருந்த உள்ளங்கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் சிரிக்கச் சிரிக்க அவளுக்குச் சந்தேகம் கூடியது.

"நம்ம பில்டிங்ல கார் சார்ஜிங் ஸ்டேஷன் வைக்கப் போறோம். பாதிச் செலவு சர்க்கார் குடுக்கும்."

"உங்க மகன் ஜாபெஸ் எலக்ட்ரிக் கார் புக் பண்ணியிருக்கானாமே?"

அதை அவர் காதில் வாங்கவில்லை. "இங்க ஒரு எலக்ட்ரிக் வண்டியாவது இருந்தாத்தான் மானியமாம். நாளைக்கு ஆபீசர் பாக்க வாராரு. நம்ம பில்டிங்ல இருக்கது உன் ஸ்கூட்டர் ஒண்ணுதான். கழுவி முன்னால நிப்பாட்டிரு."

"நான் சொசைட்டி கரண்டைத் திருடுதேன்னு சொல்லி கீழ இருந்த பிளக்கை நீங்கதான பிடுங்குனிய?"

"அதை விடு. நாளைக்கே மாட்டிருவோம்."

"மாட்டுங்க. சார்ஜ் போட வழியில்லாம ஸ்கூட்டரைப் போன வாரமே வித்துட்டேன்."

பொட்டலத்தை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"முலுண்டு ஏரியால ஒரு அக்காதான் வாங்குனாங்க. அவங்க பில்டிங்ல பிளக்கை யாரும் பிடுங்க மாட்டாங்களாம்."