வால் போன கதை

ட்யூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு, பூனையிடம் மாட்டித் தன் வால் போன கதையை யாரிடமாவது சொல்லிவிட வேண்டுமென்று வெகுநாள் ஆசை.

ஆனால் அது வாயைத் திறந்ததுமே, கீழே உட்கார்ந்திருக்கும் தெய்வானை விரலால் தரையைத் தட்டுவாள். "பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு. இந்த வரனையே முடிச்சிடலாம்" என்று கணவரிடம் சொல்வாள். பல்லி சொன்னதோ பூனையைப் பற்றி. அடுத்த வாரம் அதே பூனைக் கதை, மனை வாங்கச் சம்மதம் ஆகிவிட்டது.

முதலில் பல்லிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீடே தன் பேச்சுக்குத் தலையாட்டுகிறதே. போகப் போகத்தான் புரிந்தது, கதை ஒருவர் காதிலும் விழவில்லை.

ஒரு மழை நாளில் அந்துப்பூச்சி ஒன்று விளக்கருகே வந்து ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து பட்டினி கிடந்த பல்லி, மெல்ல நகர்ந்து நாக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. பழக்க தோஷம், வாய் தானாகவே முணுமுணுத்தது: "பூனை என்மேல பாஞ்சுது..."

பூச்சி இறகை மடக்கிக்கொண்டது. "அப்புறம் என்ன ஆச்சு?"

பல்லி அப்படியே நின்றுவிட்டது. இதை இதுவரை யாருமே கேட்டதில்லை. வயிறு சுருட்டிப் பிடித்தது. பிறகு வாயைத் திறந்தது.

"வால் மட்டும் கீழே கிடந்து தனியாத் துடிச்சுது" என்றது.