மூன்றாவது வளைவு

அனுப்பிரியாவின் வண்டி முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான், என் நிழல் மூன்றாவது வளைவின் மேல் விழுந்துகிடப்பதைப் பார்த்தேன்.

போடியில் எங்கள் பள்ளியின் இயற்பியல் லேப். யார் வீட்டுக் காதுகுத்துக்கோ அடித்த பழைய ப்ளெக்ஸைத் தரையில் குப்புற விரித்து, அதன் வெள்ளை முதுகில் கறுப்பு டேப்பால் பாதை ஒட்டியிருந்தோம். நான்கு வளைவுகள். அந்தக் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டி தானாக ஓடி முடிக்க வேண்டும். கோட்டை விட்டால் அவ்வளவுதான், மறு ஓட்டம் கிடையாது.

ரோபோ டீமுக்கு நான்கு பேர் எடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒரே ஓர் இடம். அதற்கு நாங்கள் இரண்டு பேர்.

இருவருமே பதினொன்றாம் வகுப்பு. அடுத்த வருடம் பப்ளிக் பரீட்சை என்று சொல்லி யாரையும் சேர்க்க மாட்டார்கள். இன்று விட்டால் விட்டதுதான்.

என் வண்டி பத்து நிமிடத்துக்கு முன்னால் ஓடியது. ஐம்பத்திரண்டு நொடி. எங்கள் ஊர் அம்மன் புண்ணியத்தில் ஒரு தடங்கலும் இல்லை.

அனுப்பிரியாவின் அப்பா ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். அவளுக்கு மோட்டார் கூரியரில் வந்தது. எனக்குப் பள்ளி அலமாரியில் கிடந்த பழசு. இடது சக்கரம் அடிக்கடி இழுத்துக்கொள்ளும். அதற்காக அவள்மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

சரி, இருக்கிறது.

ஆனால் அதைவிடப் பெரிய கோபம் வேறு. என் வண்டி ஓடும்போது மற்ற எல்லோரும் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். இவள் மட்டும் மேற்கு ஜன்னலில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மகாராணி மாதிரி நின்றாள். கிட்டே வந்து பார்த்தால் கிரீடம் கீழே விழுந்துவிடுமா? என்ன திமிர்!

"ஓட்டி முடிச்ச ஆளு ஒதுங்கிக்கம்மா. அடுத்து அனு, வெரசா வா" என்றார் லிங்கேஸ்வரன் சார்.

அவள் வந்தாள். அவள் காலி செய்த அதே ஜன்னலில் நான் போய்ச் சாய்ந்தேன். கையையும் கட்டிக்கொண்டேன். நாங்களும் மகாராணிதான்.

முதுகு சுட்டது. மணி நாலரை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க இன்னும் நேரம் இருந்தது. திரையில்லாத ஜன்னல். என்னைத் தாண்டித்தான் வெயில் உள்ளே போக வேண்டும்.

இந்த வண்டிகளுக்கு வெயில் ஆகாது. அடியில் இருக்கும் சென்சார்தான் அதற்குக் கண். நேர் வெயில் பட்டால் அந்தக் கண்ணுக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிடும். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்கள் ஊர் குரங்கணியில் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுது கண்டுபிடித்தது. கொட்டையைக் கிளற வந்த அம்மா நடுவில் நின்றாள். அவள் நிழலுக்குள் மட்டும் வண்டி ஒழுங்காகப் போனது.

இப்போது என் நிழலுக்குள் அனுப்பிரியாவின் வண்டி வரப்போகிறது.

இரண்டாவது வளைவு.

என்னமாய் வருகிறது! சார் கையிலிருந்த போனில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இப்படியே போனால் நாற்பதுக்குள் முடித்துவிடுவாள்.

நான் எந்தத் தப்பும் செய்ய வேண்டியதில்லை. வண்டியைத் தொட வேண்டாம், டேப்பைத் தொட வேண்டாம். ஓர் எட்டு தள்ளி நின்றால் போதும். இவ்வளவு நேரம் நின்றால் மனுஷிக்குக் கால் வலிக்காதா? யார் கேட்கப்போகிறார்கள்?

இருந்த இடத்திலேயே நின்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அப்போது அனுப்பிரியா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்கிற சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடது பக்கம் ஓர் எட்டு வைத்தேன்.

வெயில் பளீரென்று ப்ளெக்ஸில் இறங்கியது. வண்டி மூன்றாவது வளைவுக்குள் மூக்கை நுழைத்தது, தயங்கியது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தது. பிறகு கோட்டை விட்டு நேராகப் போய் மேசைக்காலில் முட்டியது. முட்டிய பிறகும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

அவளே போய் அதைத் தூக்கி, சுவிட்சை அணைத்தாள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் வண்டியைத்தான் பார்த்தார்கள்.

ஐந்தாவது ஆளாக சார் என் பெயரைச் சொன்னார். கை தட்டினார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

குரங்கணி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது அனுப்பிரியா பின்னாலேயே ஓடிவந்தாள். கண் சிவந்திருந்தது. சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து, வார்த்தைகளைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுகன்யா, மதுரைக்குப் போட்டிக்குப் போறப்ப மொதல்ல ஜன்னலப் பாத்துக்கடி. நேர் வெயிலு பட்டா வண்டிக்குக் கண்ணு தெரியாது. அதான் நீ ஓட்டுறப்ப நான் ஜன்னல மறைச்சு அசையாம நின்னேன். நீயும் அங்ஙனயே போயி நிக்கவும், ஒனக்கும் தெரியும்போலன்னு நெனச்சுட்டேன். ஒனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது" என்றேன்.