உடைந்த எழுத்து

ஒஸ்லோ நூலகத்துக் கணினியில் புது எழுத்துரு எதையும் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் வவுனியா அகதி முகாமிலிருந்து தர்மினிக்குத் தங்கை தனி எழுத்துரு ஒன்றில் அனுப்பிய மின்னஞ்சல் தமிழாகத் தெரியாமல், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத் திரையில் சிதறிக் கிடந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாரா என்பது அதற்குள்தான் இருந்தது.

"இதை வாசிக்கேலாதப்பா," என்றான் கணவன் யோகன்.

"பொறுங்கோ." அவள் ஒவ்வொரு குறியாக விரலை வைத்து உச்சரிக்கத் தொடங்கினாள். "அ... ம்... மா..."

யோகனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தவள் அவள்தான். எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்தவளும் அவள்தான்.

"அம்மா நேற்று..." அவள் குரல் நின்றது. யோகன் அவள் தோளைப் பற்றினான். அவள் விரல் அடுத்த குறிக்கு நகர்ந்தது. "எழும்பி இருந்து கஞ்சி குடிச்சவ!"

கண்ணைத் துடைக்காமலே, அதே புரியாத குறிகளில், ஒருமுறைகூடத் தயங்காமல் பதில் தட்டினாள். பிறகு கணவனின் விரலைப் பிடித்து ஒரு விசைமேல் வைத்தாள்.

"இதுதான் 'ம'. நீங்களும் உங்கட மாமிக்கு ஒரு வரி எழுதுங்கோ."