இரண்டாவது அம்மா

"நான் ஆபரேஷனுக்கு வர மாட்டேன். ரெண்டாவது அம்மா போயிடுவாங்க!"

கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள் வாண்டு. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு பேர் வழக்கென்று வந்தால் ஒரே வார்த்தையில் தீர்த்து வைப்பவர் அவர். ஆறு வயதுப் பேத்தியிடம் அந்த வார்த்தை செல்லுபடியாகவில்லை.

போன வருஷம் காய்ச்சல் ஒன்று வந்து போனதிலிருந்து வாண்டின் இடது கண் மூக்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கண்ணாடிக்கும் அது மசியவில்லை. கண்ணை இழுத்துப் பிடித்திருக்கும் தசையைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"ஒரு அம்மா போதாதாடி உனக்கு?" என்றாள் பெரியவரின் மகள்.

"நீ திட்டுவே. நீ திட்டுறப்ப அவங்க வாயும் அசையும், ஆனா சத்தமே வராது." வாண்டு ஜன்னலைப் பார்த்தாள். வெள்ளைத் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. "புகைக்குள்ள நிக்கற மாதிரி மங்கலா நிப்பாங்க. பாவம், அவங்களை யாருமே கூப்பிட மாட்டேங்கறீங்க."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மருந்துக் கிண்ணத்துடன் வந்த நர்ஸ் சிரித்தாள். "பக்கத்துக் கட்டில் குட்டிப் பையனைப் பாரு. கண்ணீர்க் குழாய் அடைச்சுப்போய், பொறந்ததிலேர்ந்து கண்ணு ஒழுகிட்டே இருந்தது. காலையில மெல்லிசாக் கம்பி விட்டு அடைப்பை எடுத்தாச்சு. எவ்வளவு சமத்தாத் தூங்கறான்!"

"ரெண்டு பேருமா?" என்று கேட்டாள் வாண்டு.

"அட வாலு! அப்ப தாத்தாவும் ரெண்டா?"

"ஆமா. ரெண்டு பேருமே சிரிக்க மாட்டாங்க. ஒருத்தர் போனா நல்லதுதான்."

மகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் முகம் அசையவில்லை.

கிண்ணத்தில் இருந்த இனிப்பு மருந்தைக் குடித்ததும் வாண்டின் இமைகள் கனக்கத் தொடங்கின. விரல்கள் கம்பியை விட்டன. ஆனால் தாத்தாவின் சட்டையைப் பற்றிக்கொண்டன.

"தாத்தா... நீங்க சொன்னாச் சொன்னதுதானே?"

"நம்ம வீட்டுல வாக்கு மாறினவங்க கிடையாது."

"அப்ப, ரெண்டாவது அம்மா போக மாட்டாங்கன்னு சொல்லுங்க."

நர்ஸ் குனிந்து காதோடு சொன்னாள். "சும்மா சொல்லிடுங்க ஐயா. முழிச்சா மறந்துடும்."

"குழந்தைகிட்டப் பொய் சொல்ற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லைம்மா."

திரை மறுபடி உப்பி அடங்கியது. சட்டையைப் பிடித்த பிடி தளரவில்லை. அவர் அந்தச் சின்ன விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போக மாட்டாங்க," என்றார் கடைசியில்.

வாண்டு சிரித்தபடியே கண்ணை மூடினாள். தள்ளுவண்டி தோணி போல அசைந்து அசைந்து நீண்ட நடைவழியில் மிதந்து போய், கதவுக்குப் பின்னால் மறைந்தது.

பெரியவர் மகளை அருகே அழைத்து ஏதோ சொன்னார். அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி விழுந்து உருண்டது.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்து, கண்ணின் மேல் வைத்திருந்த பஞ்சை எடுத்தார். வாண்டு கனவிலிருந்து இறங்குகிறவள் போல மெல்ல மெல்ல விழித்தாள்.

"எத்தனை விளக்கு எரியுது?"

"ஒண்ணு."

"எத்தனை சிஸ்டர்?"

"ஒண்ணு."

"தாத்தா?"

வாண்டு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். "ஒரே ஒரு தாத்தா. பரவாயில்லை, கொஞ்சம் நல்ல தாத்தாதான் மிச்சம் இருக்கார்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாண்டும் அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா ரெண்டு!"

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. வாசலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தவர் அவசரமாக டார்ச்சை எடுத்தார். "நல்லாப் பாரு கண்ணு. ஒரு அம்மாதானே?"

"இல்லை, ரெண்டு! ரெண்டாவது அம்மா இப்ப மங்கலாவே இல்லை. ஆனா அவங்க அழறாங்க."

பெரியவர் எழுந்தார். எப்போதும் விறைத்திருக்கும் அந்த முதுகு லேசாக வளைந்திருந்தது.

"டார்ச்சை வைங்கம்மா, குழந்தை கண்ணு சரியாத்தான் இருக்கு. இரட்டையாப் பொறந்த என் பொண்ணுங்கள்ல ஒருத்தி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு தலைமுழுகினவன் நான். நேத்து அவளை வரச் சொன்னதும் நான்தான்."