மூணு சுழி

கனகா. மூன்றே எழுத்து. அதிலும் ஒன்றைத் தப்பாக வெட்டிவிட்டேன்.

மதுரை வெண்கலக்கடைத் தெருவில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுவது என் தொழில். எவர்சில்வர், பித்தளை என்று ஒழுங்காக இருந்தவன், போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வாசலில் போர்டு வைத்தேன். 'டைட்டானியத்திலும் கையால் பெயர் பொறிக்கப்படும் - பாண்டியராஜன், உலோகச் சிற்பி.'

சிற்பி பட்டம் எனக்கு நானே கொடுத்துக்கொண்டது.

ஏழு மாதம் கழித்து முதல் ஆள் வந்தார். சின்னக்கருப்பன். மேலூர் பக்கம் கல் குவாரியில் வேலை.

"இந்த மோதிரத்துல பேர் வெட்ட முடியுமாண்ணே? மச்சான் சிங்கப்பூர்ல இருந்து குடுத்து விட்டது. தங்கம்னா கல்லுல உரசித் தேஞ்சுரும்னு இதை வாங்கியிருக்கான். போற கடையில எல்லாம் முடியாதுன்றாக."

"டைட்டானியம்தானே? அதான் போர்டுலயே போட்டிருக்கேனே, பாக்கலையா?"

அவர் சிரித்து மழுப்பிவிட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். மனைவியின் பெயராம்.

டைட்டானியம் லேசுப்பட்டதல்ல. உளி வழுக்கும். அழுத்தினால் முனை ஒடியும். ரெண்டு நாளில் நாலு முனை போச்சு. ஒருவழியாக முடித்து, துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

கணகா.

ரெண்டு சுழி வர வேண்டிய இடத்தில் மூணு சுழி. தேவையே இல்லாத அந்த ஒரு சுழிக்காக மட்டும் அரை நாள் மெனக்கெட்டிருக்கிறார் உலோகச் சிற்பி.

பாத்திரம் என்றால் தேய்த்துவிட்டுப் பக்கத்தில் வெட்டலாம். மோதிரத்தில் ஏது இடம்? அரத்தால் ராவினால் மோதிரமே மெலிந்துவிடும்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். சின்னக்கருப்பன் வந்தார். மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அம்புட்டு அழகா இருக்குண்ணே."

என் வாய் தானாக மூடிக்கொண்டது. கூலி வாங்கக் கை மட்டும் நீண்டது.

அவர் போனதும் பக்கத்துக் கடை சுருளியிடம் நியாயம் பேசினேன். "பொண்டாட்டி பேரு சரியா இருக்கான்னுகூடப் பாக்காமப் போறாரு. இதெல்லாம் ஒரு பாசமா மாப்ள?"

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் தூக்குவாளியோடு கடை முன் வந்து நின்றாள்.

"மேலூர்ல இருந்து வாரேன். மோதிரத்துல வெட்டுனீங்கள்ல, அந்தக் கனகா நான்தான்."

அவள் ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஏம்மா, என் மேல தப்பில்ல. உங்க வீட்டுக்காரர் எப்படி எழுதிக் குடுத்தாரோ அப்படியே வெட்டுனேன். கட்டுன பொண்டாட்டி பேரைச் சரியா எழுதத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

அவள் கோபப்படவில்லை.

"அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாதுண்ணே. சீட்டு எழுதுனது நான்."

சுருளி தன் கடையில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டான். எனக்குக் குனிய இடமில்லை.

"சண்டைக்கு வரலண்ணே" என்றாள். "மோதிரம் வந்ததுல இருந்து அதைப் பாத்துப் பாத்து என் பேரை எழுதிப் பழகுனாரு. பழைய காலண்டர்ல, செவுத்துல, கல்லுல... போன வாரம் பாக்காமலே எழுதிக் காமிச்சாரு. இந்த அம்பது வயசுல அவரு எழுதுன மொத வார்த்தை. தப்புன்னு சொல்ல மனசு வரல."

"அப்ப மோதிரத்தை மாத்த..."

"ஐயய்யோ, அதைத் தொட்டுராதீங்க. இப்ப நானும் என் பேரை அவரு மாதிரியே எழுத ஆரம்பிச்சுட்டேன்."

தூக்குவாளியை என் முன் வைத்தாள்.

"இது அவரு குவாரிக்குச் சோறு கொண்டுபோறது. இதுலயும் என் பேர் வெட்டித் தாங்க."

நான் வாளியை மடியில் வைத்து உளியை எடுத்தேன். 'க' முடிந்தது. அடுத்த எழுத்துக்கு வந்ததும் அவள் பதறிப்போய்க் குனிந்தாள்.

"மூணு சுழிண்ணே! மறந்தாப்புல சரியா வெட்டிப்புடாதீங்க."